அம்மாவுக்குச் சொன்ன தொகையைத் திருத்திவிட்டுப் புறப்படுங்கள்

வாசகர் கேள்வி: நான் ஒட்டுசுட்டானுக்கு அருகில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். வயது 25. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் செயற்றிட்ட முகாமைத்துவம் படித்து முடித்துவிட்டு, எட்டு மாதங்களாக வீட்டில் இருந்தபடி சிறு பிள்ளைகளுக்கு டியூசன் சொல்லிக் கொடுக்கிறேன். இப்போது இராஜகிரியவில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய், படிகள் 25,000 ரூபாய். ஆறு மாதம் தகுதிகாண் காலம். செப்டெம்பர் 15 அல்லது ஒக்டோபர் முதலாம் திகதி சேரலாம் என்கிறார்கள். அப்பாவை 2009 இல் இழந்தோம். அம்மா தையல் வேலை செய்கிறார். அவருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. மாதம் ஒருமுறை மாங்குளம் வைத்தியசாலைக் கிளினிக்குக்கு நான்தான் ஸ்கூட்டியில் கூட்டிப் போகிறேன். தம்பிக்கு அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. வீட்டைப் பூசி முடிக்க எடுத்த கடனுக்கு மாதம் 12,000 ரூபாய் கட்டுகிறோம். வேலைக்குப் போனால் மாதம் 30,000 ரூபாய் அனுப்புவேன் என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு அறை பார்த்தோம். இருவர் பகிர்ந்தால் எனக்கு 20,000 ரூபாய், மூன்று மாத முற்பணம். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. மீதிக்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறார் மாமா. அம்மாவோ, கொழும்பு வேண்டாம், அரச வேலை வரும்வரை பொறுத்திரு, தனியாரில் சேர்ந்து ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டத் தொடங்கினால் அரச நியமனம் கிடைக்காது என்று அழுகிறார். எனக்குச் சிங்களமும் சரளமாக வராது. நான் போவதா, நிற்பதா?

அன்புள்ள தங்கைக்கு,

போங்கள். இந்த வேலையை விட வேண்டாம். ஆனால் பஸ் ஏறுவதற்கு முன்னர், அம்மாவுக்குச் சொன்ன அந்த 30,000 ரூபாயைத் திருத்திச் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கவலை தந்தது கொழும்பு அல்ல, அந்தத் தொகைதான்.

முதலில், ஏன் போகச் சொல்கிறேன் என்பதைச் சொல்கிறேன். உங்கள் படிப்புக்கு வன்னியில் வேலையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு அலுவலகப் பதவிகளும் உண்டு. தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன, கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் தொண்டு நிறுவனப் பதவிகள் நன்கொடை ஒப்பந்தத்தோடு வந்து ஒப்பந்தத்தோடு போகிறவை. கண்ணிவெடி வேலைக்கும் முடிவுத் திகதி இருக்கிறது: கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் 2017 இல் சேர்ந்த இலங்கை, 2028 யூன் மாதத்துக்குள் நிலத்தைத் துப்புரவாக்கி முடிப்பதாகப் பொறுப்பேற்றிருக்கிறது. அனுபவம் இல்லாமல் பட்டத்தோடு மட்டும் நிற்கும் ஒருவரை இந்த இடங்கள் எளிதில் எடுப்பதில்லை. இரண்டு வருட அனுபவத்தோடு வருகிறவரையே தேடுகிறார்கள். அந்த இரண்டு வருடத்தை இப்போது இராஜகிரிய உங்களுக்குத் தர முன்வந்திருக்கிறது. பிறகு ஊருக்குத் திரும்பிவர விரும்பினால், இன்றைக்கு இருப்பதைவிட நல்ல இடத்தில் வந்து அமர்வீர்கள்.

அம்மாவின் ஈ.பி.எப். பயத்துக்கு வருகிறேன். இது வெறும் ஊர்க்கதை அல்ல. 2020 இல் பட்டதாரிப் பயிலுநர்களுக்கு நியமனம் கொடுத்தபோது, ஊழியர் சேமலாப நிதியில் பங்களிப்பு இருந்த பட்டதாரிகள் பலர் விலக்கப்பட்டார்கள். அவர்கள் மேன்முறையீடு செய்யவேண்டி வந்தது. அந்தச் செய்தி வன்னியில் வீட்டுக்கு வீடு போயிருக்கிறது. அதைக் கேட்ட தாய்மார் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அது வேலையில்லாப் பட்டதாரிகளை மொத்தமாக உள்வாங்கிய ஒரு திட்டத்தின் நிபந்தனை. அப்படியொரு திட்டம் மறுபடி எப்போது வரும் என்று எவராலும் திகதி சொல்ல முடியாது. 2017 இல் வடக்கின் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தின் முன்னால் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். திறந்த போட்டிப் பரீட்சைகள் வேறு வகை. அவற்றுக்கு வயதெல்லையும் கல்வித் தகைமையும் பரீட்சைப் புள்ளியும்தான் கணக்கு. தனியாரில் வேலை பார்த்துக்கொண்டே விண்ணப்பிக்கிறவர்கள் ஏராளம். வர்த்தமானியை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாருங்கள். மாலையில் ஒரு மணி நேரம் பொது அறிவுக்கும் நுண்ணறிவுக்கும் ஒதுக்குங்கள். அரச வேலைக்கான முயற்சியைக் கொழும்பிலிருந்தே தொடரலாம். இதை அம்மாவிடம் இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள்: "விண்ணப்பம் போடுவதை நான் நிறுத்தவில்லை."

கொழும்பு என்றதும் அம்மா அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அழுகைக்கு அவசரமாகப் பதில் சொல்லாதீர்கள். 2007 யூன் மாதத்தில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. உங்களுக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அம்மாவுக்கு அது நேற்று நடந்ததுபோல இருக்கும். அடையாள அட்டையைப் பார்த்தவுடன் கேள்வி கேட்கப்பட்ட காலத்தைத் தாண்டி வந்தவர் அவர். "இப்போது அப்படி எல்லாம் இல்லை அம்மா" என்று ஒரே வரியில் முடித்தால், நீங்கள் அவரைக் கேட்கவில்லை என்றே அவருக்குப் படும். முடிந்தால் சேர்வதற்கு முந்திய வாரம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அறையைப் பார்க்கட்டும், அறையில் உங்களோடு இருக்கப்போகும் பிள்ளையோடு பேசட்டும், அலுவலகம் இருக்கும் தெருவில் ஒருமுறை நடக்கட்டும். தாய்க்குத் தெரியாத ஊரில் இருக்கும் பிள்ளையைப் பற்றி வரும் பயம், தெரிந்த அறையில் இருக்கும் பிள்ளையைப் பற்றி அவ்வளவாக வராது. பல குடும்பங்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

இனிக் காசு. கடதாசியும் பேனையும் எடுத்துக்கொண்டு அம்மாவையும் தம்பியையும் பக்கத்தில் இருத்திவிட்டு இதைப் படியுங்கள்.

75,000 ரூபாய் முழுவதும் உங்கள் கைக்கு வராது. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி உங்கள் பங்கு 8 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனம் தனியாக 3 சதவீதம் கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் வெட்டக்கூடாது. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணித்தால் உங்களிடம் வெட்டுவது 4,000 ரூபாய், கைக்கு வருவது 71,000 ரூபாய். தகுதிகாண் காலத்தில் ஈ.பி.எப். இல்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அது உங்கள் உரிமை. நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் சம்பளத்தைப் பிரித்துக் காட்டும் பகுதியைத் தேடுங்கள். அடிப்படை எவ்வளவு, படிகள் எவ்வளவு, எந்தெந்தப் படிகள் ஈ.பி.எப். கணக்கில் சேர்கின்றன என்று அங்கே தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

அந்த 71,000 ரூபாயில் அறைக்கு 20,000 போகிறது. சாப்பாட்டுக்கு, காலையில் பாணும் பருப்பும், மதியம் சோற்றுப் பார்சல், இரவில் நீங்களே சமைப்பது என்று சிக்கனமாக இருந்தாலும் 24,000 வையுங்கள். பஸ்ஸுக்கு 6,000. தொலைபேசிக்கு 2,000. மிஞ்சுவது 19,000 ரூபாய். இதில் சவர்க்காரம் இல்லை, மருந்து இல்லை, அலுவலகத்துக்குப் போட இரண்டு நல்ல உடுப்பு இல்லை, ஊருக்கு வந்துபோகும் பஸ் டிக்கெட் இல்லை. இதிலிருந்து 30,000 எப்படி அனுப்புவீர்கள்?

அனுப்புவீர்கள், அதுதான் என் பயம். வன்னியிலிருந்து போன மூத்த பிள்ளைகள் சொன்ன சொல்லைக் காப்பாற்ற எதையும் செய்கிறார்கள். மதியச் சாப்பாட்டை விடுகிறார்கள். கூட வேலை செய்கிறவரிடம் 5,000 மாறுகிறார்கள், அடுத்த மாதம் அதைக் கொடுக்க இன்னொருவரிடம் 8,000 மாறுகிறார்கள். வீட்டுக்கு ஒன்றும் தெரியாது. காசு ஒழுங்காக வருகிறது என்று அம்மா சந்தோஷமாக இருப்பார். ஆறாம் மாதம் பிள்ளை வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. கொழும்பு ஒத்துவரவில்லை என்று ஊர் சொல்லும். ஒத்துவராமல் போனது அந்தத் தொகை என்று சொல்ல ஒருவரும் இருப்பதில்லை.

ஆகவே முதல் ஆறு மாதத்துக்கு 12,000 ரூபாய் என்று சொல்லுங்கள். கடன் கட்டும் தொகை அதுதான். "கடன் என் பொறுப்பு, வீட்டுச் செலவு வழமைபோல உங்கள் தையலில் நடக்கட்டும், வேலை நிரந்தரமானதும் மறுபடி இருந்து பேசுவோம்" என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சம்பளம் விழும் நாளிலேயே அம்மாவின் கணக்குக்குப் போகும்படி வங்கியில் நிலையான கட்டளை ஒன்றைப் போட்டுவிடுங்கள். மீதி 7,000 உங்களுடையது. அதைக் குறித்து வெட்கப்பட ஒன்றுமில்லை. டியூசன் வருமானம் நின்றுபோவதால் வீட்டில் விழும் துண்டு எவ்வளவு என்று எனக்கு எழுதவில்லை. அதையும் அன்றைக்கே மூவரும் இருந்து பாருங்கள். தம்பியின் டியூசன் பாடங்களில் எவை கட்டாயம் என்று அவனே சொல்லட்டும். குடும்பக் கணக்கு தெரிந்த பிள்ளை கவனமாகப் படிக்கும்.

அடுத்தது கிளினிக். இதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் உங்கள் வீட்டின் நடுத்தூணாகத் தெரிகிறது. கிளினிக் கிழமை நாளில் வரும். தனியார் அலுவலகத்தில் லீவு எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி, சேர்ந்த முதல் வருடத்தில் வருடாந்த விடுமுறை கிடையாது. அமைய விடுமுறை, நாம் கசுவல் லீவு என்று சொல்வது, வேலை செய்து முடித்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள். இரவு பஸ்ஸில் வந்து அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், மறுபடி இரவு பஸ்ஸில் திரும்பி வேலைக்குப் போவேன் என்று மனதுக்குள் திட்டம் போட்டிருந்தால் அதைக் கைவிடுங்கள். வவுனியாவிலிருந்தே கொழும்புக்குச் சுமார் 250 கிலோமீற்றர். உங்களுக்கு அதற்கு அப்பாலும் பயணம் இருக்கிறது. தகுதிகாண் காலத்தில் தூக்கமில்லாத கண்ணோடு மேசையில் இருப்பது நல்லதல்ல.

கிளினிக் தம்பியின் கைக்குப் போக வேண்டும். இப்போதிருந்தே தொடங்குங்கள். நீங்கள் போவதற்கு முந்திய கிளினிக் நாளில் மூவரும் போங்கள். கிளினிக் கொப்பியில் எந்தப் பக்கத்தில் அடுத்த திகதி இருக்கிறது, சீனி அளவு எங்கே எழுதப்படுகிறது, எந்த மருந்து காலையில், எது சாப்பாட்டுக்கு முன் என்பதைத் தம்பி பார்த்துப் பழகட்டும். ஒவ்வொரு கிளினிக் நாளிலும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பரீட்சை நெருங்கும் மாதங்களில் அவனால் முடியாவிட்டால், அதே கிளினிக்குக்குப் போகும் அயலவர் எவராவது ஊரில் இருப்பார். இப்போதே கேட்டு வையுங்கள். இன்னொருவரிடம் உதவி கேட்க அம்மா கூச்சப்படக்கூடும். அவருக்காக நீங்கள் கேளுங்கள்.

லீவு பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வருடத்தில், அதாவது அடுத்த கலண்டர் வருடத்தில், எத்தனை நாள் வருடாந்த விடுமுறை கிடைக்கும் என்பது நீங்கள் எந்தக் காலாண்டில் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. யூலை முதல் செப்டெம்பர் வரை சேர்ந்தால் 7 நாள்; ஒக்டோபர் முதலாம் திகதியிலோ அதற்குப் பிறகோ சேர்ந்தால் 4 நாள். அடுத்த வருடம் தம்பியின் பரீட்சை; உங்களுக்கு ஒவ்வொரு நாளும் தேவைப்படும். செப்டெம்பர் 15 இலேயே சேருங்கள். தைப்பொங்கல் தனியார் துறைக்கும் விடுமுறைதான். தீபாவளிக்கு அப்படி இல்லை. நிறுவனம் விரும்பினால்தான் தரும். அம்மாவிடம் இதை முன்பே சொல்லி வைத்தால் அன்றைக்கு வீட்டில் கண்ணீர் குறையும்.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்துப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கும் பட்டச் சான்றிதழுக்கும் சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதிகள் சிலவற்றைக் கையில் வைத்திருங்கள். மூலப் பிரதிகள் அம்மாவின் பெட்டியில் இருக்கட்டும். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதற்கு அன்றி, எந்த நிறுவனத்திடமும் மூலப் பிரதியை விட்டுவைக்காதீர்கள். வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயரை ஒட்டுசுட்டானிலிருந்து எடுக்க வேண்டாம். வட மாகாணப் பொதுச் சேவைக்கு ஆள் எடுக்கும்போது மாகாணத்தில் நிரந்தர வதிவைக் கேட்பது வழக்கம். அந்தக் கதவை நீங்களே அடைத்துவிடக் கூடாது. தேர்தல் வந்தால் வாக்களிக்க ஊருக்கு வர நிறுவனம் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளவத்தை அறையில் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளவத்தையில் நம்மவர்கள் நிறைய, கோயில் இருக்கிறது, கடையில் தமிழில் பேசலாம். அம்மாவின் மனம் அங்கே ஆறும் என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் உங்கள் அலுவலகம் இராஜகிரியவில். தினமும் காலையும் மாலையும் நெரிசலில் பஸ் மாறிப் போய்வருவதில் உங்கள் பரீட்சைப் படிப்புக்கான ஒரு மணி நேரம் போய்விடும். பொரளை, இராஜகிரியப் பக்கத்தில் பெண்களுக்கான விடுதிகளைத் தேடுங்கள். கன்னியர் மடங்கள் நடத்தும் மாதர் விடுதிகளையும் விசாரியுங்கள். இரவு கதவு பூட்டும் நேரம் கண்டிப்பாக இருக்கும், முற்பணம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். அந்தக் கண்டிப்பே அம்மாவுக்கு நிம்மதி. உடன்படிக்கை சிங்களத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்குக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பஸ்ஸிலோ விடுதியிலோ எவராவது தொல்லை கொடுத்தால் பெண்களுக்கான இலவச உதவி இலக்கம் 1938. தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

சிங்களம் சரளமாக வராது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அலுவலக வேலை ஆங்கிலத்தில் நடக்கும். மதியச் சாப்பாட்டு மேசை சிங்களத்தில் நடக்கும். அங்கேதான் நட்பும் வேலை இரகசியங்களும் பிறக்கின்றன. பம்பைமடுவில், உங்கள் பல்கலைக்கழகத்தில், உங்கள் பட்ச்சில் குருநாகலிலிருந்தும் கம்பகாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் இருந்திருப்பார்களே. நான்கு வருடம் அவர்கள் நம் ஊர்ப் பக்கத்தில் தங்கிப் படித்தார்கள். நம் கடைகளில் தமிழ் பேசிச் சாமான் வாங்கினார்கள். அவர்களில் ஒருத்தியை இன்றே அழையுங்கள். அறை தேடவும் சிங்களம் பழகவும் அவளைவிட நல்ல துணை உங்களுக்குக் கிடைக்காது.

கடைசியாகச் சங்கிலி. வெள்ளவத்தை அறை என்றால் முற்பணம் 60,000, முதல் மாத வாடகை 20,000, முதல் மாதச் செலவு 32,000. மொத்தம் 112,000 ரூபாய். அதனால்தான் மாமா அடகுக் கடையைச் சொல்கிறார். ஒரு மாத முற்பணம் கேட்கும் இடம் கிடைத்தால் அதே கணக்கு 72,000 ஆகிவிடும். உங்களிடம் 60,000 இருக்கிறது. துண்டு விழுவது 12,000 மட்டும். செப்டெம்பர் 15 இல் சேர்ந்தால் அந்த மாத இறுதியிலேயே அரை மாதச் சம்பளம் வரக்கூடும்; அல்லது அது ஒக்டோபர்ச் சம்பளத்தோடு சேர்ந்து வரும். எது என்று நிறுவனத்திடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த 12,000 ரூபாயை மாமாவிடமே கைமாற்றாகக் கேளுங்கள். மாதம் 4,000 வீதம் மூன்று மாதத்தில் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கொப்பியில் எழுதிக் கொடுங்கள். சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். ஒரு மாத முற்பணத்துக்கு இடம் கிடைக்காவிட்டால் செப்டெம்பர் முதல் வாரத்துக்குள் எனக்கு மறுபடி எழுதுங்கள். நியமனக் கடிதத்தில் சம்பளப் பகுதியின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.